நான்காவது தெரு

எங்கள் நாஞ்சில் நாட்டில் ஊர்வலத்துக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. மார்கழியில் சுசீந்திரத்தில் தேர் ஓடும். தை பிறந்தால் நாகர்கோவில் நாகராஜா கோயில் தேர். டிசம்பர் முதல் வாரத்தில் கோட்டாற்றில் சவேரியார் கோயில் தேர். நவராத்திரி நெருங்கும்போது பத்மநாபபுரத்துச் சரஸ்வதி அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் சேர்ந்து திருவனந்தபுரத்துக்குப் பயணம் புறப்படுவார்கள். போலீஸ்காரர்கள் வரிசையாக நின்று மரியாதை செய்வார்கள். இவை தவிர கட்சி ஊர்வலம், சங்க ஊர்வலம், கல்யாண மாப்பிள்ளை ஊர்வலம், கடைசியில் எல்லோருக்கும் நிச்சயமான அந்த ஓர் ஊர்வலம். பஸ் நிற்கும், ஸ்கூட்டர் நிற்கும், வெயிலில் நின்றபடியே ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். "இதெல்லாம் தெருவில் செய்ய வேண்டிய காரியமா?" என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட மண்ணில் பிறந்து வளர்ந்த என் அத்தான், சென்னையில் வானவில் கொடி பிடித்துச் சிலர் ஊர்வலம் போன படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்.

"உரிமை வேணும்னா கோர்ட்டுக்குப் போகட்டும். நான் வேண்டாம்னு சொல்லுகேனா? தெருவில எறங்கி என்னத்துக்கு மாப்பிளே கொட்டடிக்கணும்?"

அத்தான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் அக்காவின் புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை, நல்ல மனுஷர். பள்ளிக்கூடத்தில் பிரம்பைத் தொடாமலே பேர் வாங்கியவர். ஆகவே அவருடைய கேள்வியை ஒரு பிற்போக்குக்காரரின் கேள்வி என்று நான் தள்ளிவிட முடியாது. நம்மில் நல்லவர்கள் பலபேர் கேட்கிற கேள்வி அது. அவர் வீட்டுப் படிப்புரையில் உட்கார்ந்து, பல சாயங்காலங்கள் இதை நாங்கள் பேசியிருக்கிறோம். பேச்சு முடியவில்லை. முடியும் என்று தோன்றவுமில்லை. ஆனாலும் இந்த விவகாரத்தில் எனக்கென்று ஓர் அபிப்பிராயம் உறுதிப்பட்டிருக்கிறது. அதை வாசகர்கள் முன்னால் வைக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கோர்ட்டுக் கதை. நான் சட்டம் படித்தவனல்ல, பத்திரிகை படிக்கிறவன். பத்திரிகை படிக்கிறவனுக்குத் தெரிகிற அளவே போதும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு 1860-இல் வெள்ளைக்காரன் எழுதியது. இயற்கைக்கு மாறான சேர்க்கைக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்றது அது. இயற்கை எது, மாறு எது என்று அதை எழுதினவர்கள் விளக்கவில்லை. இரண்டு வயது வந்தவர்கள் தங்கள் சம்மதத்தோடு நடத்துகிற அந்தரங்க வாழ்க்கையும் அந்தப் பிரிவுக்குள் வந்து விழுந்தது. 2009 ஜூலை 2-ஆம் தேதி டில்லி உயர் நீதிமன்றம் அது குற்றமல்ல என்றது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குற்றம்தான் என்று திருப்பிச் சொன்னது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி அதே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒரே குரலில், குற்றமல்ல என்று முடித்துவைத்தார்கள். 2024 ஜூலையில் புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவே அதில் இடம்பெறவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதன் 2009-இல் நிரபராதியாகி, 2013-இல் குற்றவாளியாகி, 2018-இல் மறுபடி நிரபராதியாகியிருக்கிறான். இதற்கிடையில் அவன் ஒன்றுமே செய்யவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டும், வாடகை கொடுத்துக்கொண்டும், அம்மாவுக்குப் போன் பேசிக்கொண்டும் இருந்தான், அவ்வளவுதான்.

சென்னையில் முதல் வானவில் ஊர்வலம் 2009 ஜூன் 28-இல் மெரினா கடற்கரையில் நடந்தது. டில்லித் தீர்ப்பு வருவதற்கு நான்கே நாள் முன்னால். அதற்கும் பத்து வருஷம் முன்பு, 1999 ஜூலை 2-ஆம் தேதி, கல்கத்தாவில் பதினைந்து பேர் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு நடந்தார்கள். நம் நாட்டில் இப்படி நடந்த முதல் நடை அதுதான் என்கிறார்கள். நியூயார்க்கில் 1969 ஜூன் 28-ஆம் தேதி போலீஸ்காரர்கள் ஒரு மது விடுதிக்குள் புகுந்து, அங்கே கூடியிருந்த இப்படிப்பட்டவர்களை வழக்கம்போல் அள்ளிக்கொண்டு போகப் பார்த்தார்கள். வழக்கத்துக்கு மாறாக அன்று அவர்கள் எதிர்த்து நின்றார்கள். மறுவருஷம் அதே நாளில் தெருவில் நடந்தார்கள். உலகத்தில் ஜூன் மாதம் இந்த ஊர்வலங்களுக்கு உரிய மாதமானது இப்படித்தான். இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். கோர்ட்டு முதலில் வரவில்லை. கால்கள்தான் முதலில் போயின; தீர்ப்புகள் பின்னால் வந்தன.

இதை அத்தானிடம் சொன்னேன். "அது பட்டணத்துச் சங்கதி. நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்றார்.

ஒத்துவராது என்றால், நம் ஊர்ச் சங்கதியையே எடுத்துக்கொள்வோம் என்றேன். நம் ஊரில் தெருவில் நடப்பதற்கென்றே போராட்டம் நடந்திருக்கிறது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லா ஜாதிக்காரர்களும் நடக்க வேண்டும் என்று 1926-இலும், மறுபடி 1930-இலும் சத்தியாக்கிரகம் நடந்தது. நாகர்கோவில் டாக்டர் எம்.ஈ. நாயுடு அதில் முன்னால் நின்றார். கோயிலுக்குள் போவது அல்ல கேள்வி, தெருவில் நடப்பது. அதற்கு முன்பு 1924 மார்ச்சில் வைக்கத்தில் தொடங்கியதும் அதே கேள்விதான். அன்றைக்கு வைக்கமும் நாஞ்சில் நாடும் ஒரே திருவிதாங்கூர் ராஜ்யம். போவதற்கு வேறு வழி இருக்கும்போது இந்தத் தெரு என்னத்துக்கு என்று அன்றைக்கும் நல்ல மனுஷர்கள் படிப்புரையில் உட்கார்ந்து நிச்சயம் பேசியிருப்பார்கள். வேறு வழி இல்லாததால் அல்ல, வேறு வழியில் போ என்று சொன்னதால்தான் அந்தத் தெருவில் நடக்க வேண்டியிருந்தது. ஊர்வலத்தின் அர்த்தம் அவ்வளவுதான். தெருவில் எதைச் சுமந்துகொண்டு போகிறோமோ, அதை ஊர் ஒப்புக்கொண்டது என்று பொருள். சாமி தெருவில் வருவதும் அதற்குத்தான்.

அத்தான் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஜாதியும் இதுவும் ஒண்ணாடே?" என்றார்.

நியாயமான கேள்வி. ஒன்றல்ல. ஜாதிக் கொடுமை தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் குடும்பமாக அனுபவித்தது, வயிற்றில் அடித்தது. அதற்கு இதைச் சரிக்குச் சரியாக நிறுத்துவது சரியாகாது. ஆனால் இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. சுசீந்திரத்தில் அடிபட்டவன் சாயங்காலம் வீடு திரும்பினால், அவன் அம்மாவும் அதே ஜாதி, அப்பாவும் அதே ஜாதி. அவன் காயத்தின் அர்த்தம் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் போட்டுவிட ஒரு கை இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு அதுகூட இல்லை. தன்னைப் போல் ஒருவரும் இல்லாத வீட்டில்தான் ஒவ்வொரு பிள்ளையும் பிறக்கிறது. முதல் தடை வீட்டு நடையிலேயே இருக்கிறது. பதினைந்து வயதில் தனக்குள் என்ன நடக்கிறது என்று யாரிடம் கேட்கும்? டீக்கடையில் அதற்கென்று வழங்குகிற சொற்கள் அத்தனையும் வசவுகள். அப்படி ஒரு பையன், தன்னைப் போல் இன்னும் ஆயிரம் பேர் வெயிலில் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள் என்பதைப் பத்திரிகைப் படத்திலாவது பார்த்தால், அன்று ராத்திரி அவன் நிம்மதியாகத் தூங்குவான். அந்தத் தூக்கத்துக்காகவே ஊர்வலம் போகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது கற்பனையாகச் சொன்னதல்ல. அத்தானுடைய மகன்தான் அந்தப் பையன். என் மருமகன். பெயர் வேண்டாம், அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். வயது இருபத்தெட்டு. பெங்களூரில் வேலை. நான்கு வருஷங்களாக இன்னொரு பையனோடு குடும்பம் நடத்துகிறான். குடும்பம் என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். அரிசி தீர்ந்தது யாருக்குத் தெரியும், ஜுரம் வந்தால் யார் விழித்திருப்பார்கள் என்பதை வைத்துத்தான் நாம் குடும்பம் என்கிறோம். அந்த வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்திருக்கிறேன். சாம்பாரில் உப்பு போதவில்லை என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். என் வீட்டில் நடக்கிற சண்டைக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

போன வருஷம் ஒரு ராத்திரி, மணி ஒன்று இருக்கும், எனக்குப் போன் வந்தது. மருமகனுக்குக் குடல்வால் வீங்கி, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கூட வந்த பையனிடம், "நீங்கள் யார்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் நண்பன் என்று சொல்லியிருக்கிறான். வேறென்ன சொல்வான்? நண்பர் கையெழுத்து செல்லாது, உறவினர் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், பாதித் தூக்கத்தில் இருந்த தாய்மாமன் நான் போனில் சரி என்றால் செல்லும். பக்கத்தில் நின்று அவன் கையைப் பிடித்திருந்தவன் சொன்னால் செல்லாது. நான் சரி என்றேன், பிழைத்தான். ஆனால் அன்றிலிருந்து, உரிமை என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கொடியும் கோஷமும் ஞாபகம் வருவதில்லை. அந்தக் காகிதமும், அதில் கையெழுத்துக்கு விட்டிருந்த இடமும்தான் ஞாபகம் வருகின்றன.

கல்யாண உரிமை கேட்டு இப்படிப்பட்டவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதன் உள்ளர்த்தம் இதுதான். மேளதாளத்துக்காகப் போகவில்லை. ஆஸ்பத்திரிக் கையெழுத்து, இன்ஷூரன்ஸ், வாரிசுரிமை, பென்ஷன் என்று ஒரு தாலிக்குப் பின்னால் சட்டம் ஒளித்து வைத்திருக்கிற நூறு காகிதங்களுக்காகப் போனார்கள். 2023 அக்டோபர் 17-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கல்யாணம் அடிப்படை உரிமையல்ல, சட்டம் செய்வது பார்லிமெண்டின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். திருமணத்துக்குக் கீழான ஓர் ஏற்பாட்டையாவது அங்கீகரிக்கலாம் என்று இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். மூன்று பேர் ஒப்பவில்லை. இவர்களுடைய சங்கடங்களைப் பார்க்க ஒரு குழு போடுவதாக மத்திய அரசு சொன்னது. 2024-இல், சேர்ந்து வாழ்கிறவர்களை ஒரே ரேஷன் கார்டுக் குடும்பமாகக் கொள்ளலாம் என்றும், பாங்கில் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் ஒருவர் மற்றவரை நாமினியாகப் போடவும் தடையில்லை என்றும் அறிவிப்புகள் வந்தன.

அத்தான் இதைக் கேட்டுத் திருப்திப்பட்டார். "பின்னே என்ன? கொஞ்சங் கொஞ்சமா எல்லாம் கிடைக்குல்லா? சேர்ந்து இருக்கட்டும். கல்யாணம்னு பேரு மட்டும் வேண்டாம்."

இந்த வார்த்தையை நம் நாடு முன்னமேயே கேட்டிருக்கிறது. தோள்சீலைக் கலகத்துக்குப் பிறகு, 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மகாராஜா ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்ஜாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது. துணி உண்டு, பாணி மட்டும் வேறு. வைக்கத்திலும் 1925-இல் அதேதான் நடந்தது. கோயிலின் வடக்கு, தெற்கு, மேற்குத் தெருக்கள் எல்லோருக்கும் திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை. நான்கில் மூன்று கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் நான்காவது தெருவை மூடி வைத்ததற்கு, நீ எனக்குச் சமமல்ல என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. 1936 நவம்பர் 12-ஆம் தேதி ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தபோது கோயிலே திறந்தது. பதினோரு வருஷம் கழித்து.

"கல்யாணம்ங்கது ஆதியிலேருந்து உள்ளது. அதை எப்படி மாத்துகது?" என்றார் அத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீட்டுப் படிப்புரையில் உட்கார்ந்துகொண்டு சொல்லத்தக்க வார்த்தையா அது? நம் தாத்தாக்கள் காலம் வரை இங்கே மருமக்கள் வழி. அப்பன் சொத்து மகனுக்கு இல்லை, தங்கை மகனுக்கு. உகந்துடைமை என்று ஏதோ சிறு பங்கை அப்பன் மனம் உகந்து கொடுத்தால் உண்டு. தேரூரில் பிறந்த கவிமணி அந்த அவலத்தை 'மருமக்கள் வழி மான்மியம்' என்று எழுதி ஊரையே சிரிக்கவும் அழவும் வைத்தார். 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து, மக்கள் தகப்பன் சொத்துக்கு உரியவர்கள் ஆனார்கள். குடும்பம் இடிந்து விழும் என்று அன்றைக்கும் சொல்லியிருப்பார்கள். விழவில்லை. அத்தான் உட்கார்ந்திருக்கிற அந்த வீடே அந்தச் சட்டத்தால் அவர் தகப்பனாருக்கு வந்த வீடு.

பழைய முறை இருந்திருந்தால் என் மருமகன் என்னுடைய வாரிசு. அதையும் சொன்னேன். அத்தான் சிரிக்கவில்லை.

"சொத்தில அவனுக்குப் பங்கு இல்லேன்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?" என்றார். குரல் கம்மியிருந்தது.

சொன்னதில்லை. அதுதான் இதில் உள்ள சங்கடம். அவர் எதையும் கொடுக்க மாட்டேன் என்கிறவரல்ல. எல்லாவற்றையும் உகந்துடைமையாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். உரிமையாகக் கேட்டால்தான் அவருக்கு வலிக்கிறது. நம் சமூகம் முழுக்கவே இப்படித்தான் என்று நினைக்கிறேன். இரக்கப்படச் சொன்னால் நாம் தாராளமாக இரக்கப்படுவோம். வடசேரி பஸ் ஸ்டாண்டில் திருநங்கை கை நீட்டினால் பத்து ரூபாய் கொடுப்போம். அதே திருநங்கை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவோம்.

அத்தான் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பட்டணத்து ஊர்வலத்தில் நடப்பவர்கள் மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஊரில் ஒரு தகப்பன் மகனை உற்றுப் பார்க்க ஆரம்பிப்பான், அடி அந்தப் பையனுக்கு விழும் என்றார் ஒரு நாள். உண்மைதான், அப்படியும் நடக்கும். ஆனால் அந்த அடிக்கு ஊர்வலம் காரணமல்ல. ஊர்வலம் ஊருக்குள் வராததுதான் காரணம். மதுரையில் 2012-லேயே ஓர் ஊர்வலம் நடந்துவிட்டது. மதுரை நமக்குத் தூரமில்லை.

சட்டமும் மெல்ல ஊருக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் செய்துகொண்ட கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்தார்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை தீர்ப்புச் சொன்னது. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வதற்காகச் சென்னைக்குப் போய்விட, பெற்றோர்கள் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தமக்கு முழுதாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு மனநல நிபுணரிடம் தாமே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு 2021 ஜூன் 7-ஆம் தேதி உத்தரவு போட்டார். இவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று போலீசுக்குச் சொன்னார். வைத்தியம் என்ற பேரில் இவர்களை மாற்றப் பார்ப்பதைத் தடுத்தார். 2025 மே மாதம் அதே சென்னை உயர் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை, தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள் நீதிபதிகள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் எழுந்து போய் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டு வருவது நம் நாட்டில் தினம் நடக்கிற காரியமல்ல. அந்த நீதிபதியைப் பற்றிச் சொன்னபோது அத்தான் கவனமாகக் கேட்டார். ஆசிரியராக இருந்தவர் அல்லவா?

வருகிற தை மாதம் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். அண்ணன் வரவேண்டும், கூட அவரும் வரவேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதமாக இருக்கிறாள். மகன் தனியாக வந்தால் அத்தானுக்கு ஆட்சேபம் இல்லை. "நான் மட்டும் வந்தால், மாமா, மூன்று தெருவில் நடந்துவிட்டுத் திரும்பின மாதிரி" என்று மருமகன் எழுதியிருக்கிறான். வைக்கத்துக் கதையை நான்தான் அவனுக்குச் சொல்லியிருந்தேன்.

அக்கா இந்தப் பேச்சுகளில் கலந்துகொள்வதில்லை. உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். மகன் வீட்டு வாசலை மிதித்து மூன்று வருஷமாகிறது. போன வாரம் நான் கிளம்பும்போது வெளியே வந்து, "தம்பி, அந்தத் தெரு தெறக்கப் பதினோரு வருஷம் ஆச்சுன்னு சொன்னியே, அதுவரைக்கும் நான் இருக்கணும்லா?" என்றாள். அத்தானும் படிப்புரையில்தான் உட்கார்ந்திருந்தார்.

கல்யாணக் கடிதாசிகளுக்கு விலாசம் எழுதுகிற பொறுப்பு என்னுடையது. பெங்களூர் உறையில் இரண்டு பெயரையும் எழுதி, பட்டியலோடு அத்தானிடம் காட்டினேன். வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். வேண்டாம் என்று அடிக்கவில்லை. சரி என்று தலையாட்டவும் இல்லை. இரண்டாவது பெயரில் நான் விட்டிருந்த ஒரு புள்ளியை மட்டும் பேனாவால் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். நாளைக் காலை தபால் ஆபீசுக்குப் போகிறேன்.